பாலத்துக்கு இந்தப் பக்கம்

செந்தில்,

நலம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் அம்மாவுக்கு நீ அனுப்பும் படங்களில் தெரிகிறது. நான் உன் போனை எடுப்பதில்லை என்று உனக்குக் கோபமாம். எனக்கும் கோபம்தான். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நடுவில் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி ஊற்றி மூடிவிடுவாய். எழுத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களும் இங்கே இருக்கிற நம் ஆட்களும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே இதைப் போடப்போகிறேன். அவனுக்கு மட்டும் தனியாக அனுப்பக் கூடாதா என்று உன் அம்மா கேட்டாள். அவன் சொன்னதைத் தனியாகவா சொன்னான், ஸ்பீக்கரில் அல்லவா சொன்னான் என்றேன். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்க உனக்கு நேரமாகும். ஆகட்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராக இந்தப் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கு வந்தவன். மராத்தியைக் கடைப் பலகை பார்த்துப் படித்தேன். எனக்கு யாரும் எதையும் சுருக்கித் தரவில்லை. நீயும் முழுதாகப் படி.

குழுவில் இருப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் வழக்கத்தில் பெண் பார்த்து முடித்ததும், பெண் வீட்டார் ஒரு நாள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். வந்து உட்கார்ந்து, ஒரு வாய் இனிப்புச் சாப்பிட்டு, பெண்கள் அடுப்படி வரைக்கும் போய், தண்ணீர் எப்போது வரும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துவிட்டுப் போன பிறகுதான் நிச்சயதார்த்தம். நித்யா வீட்டார் மும்பை செம்பூர்க்காரர்கள். நம்மைப் போலவே பிழைக்க வந்து அங்கேயே வேர் விட்ட தமிழர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் அப்பா, அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் காரில் வந்தார்கள். அதற்கு முந்திய வாரமே நீ வந்து ஒரு திட்டம் சொன்னாய். "வாகட் பிளாட்டையே நம்ம வீடுன்னு காட்டிரலாம்ப்பா. நீங்களும் அம்மாவும் காலைல அங்க வந்துருங்க. காசார்வாடில நம்ம வீட்டு முன்னாடி கார் நிறுத்த இடமில்ல, சந்து வேற குறுகல்" என்றாய். வாடகைக்கு எடுத்த இடத்தைக் காட்டி எவனாவது பெண் எடுப்பானா என்று கேட்டேன். "சரிப்பா, சாயங்காலம் அங்கயும் கூட்டிட்டு வரேன்" என்றாய். அந்தச் 'சரிப்பா'வை நம்பினேன். என் வயதில் நம்பியிருக்கக் கூடாது.

அன்று காலையிலேயே உன் அம்மா பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தாள். சுசியம் உருட்டினாள். முன்னறையில் இருந்த உன் பழைய மேசையைத் தள்ளி, ஜமுக்காளம் விரித்தோம். நம் பக்கத்துப் பெரியவராக ஒருவர் இருக்கட்டும் என்று ஞானராஜைக் கூப்பிட்டிருந்தேன். உனக்கு அவர் ஞானராஜ் மாமா. குழுவில் உள்ளவர்களுக்கு: புனே கேம்ப்பில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. நான் கம்பெனி பஸ் ஓட்டிய காலமெல்லாம் அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவர். வெள்ளைச் சட்டை போட்டு, கேம்ப் பேக்கரி பிஸ்கட் ஒரு பெட்டியோடு மத்தியானமே வந்துவிட்டார். நீயும் பெண் வீட்டாரும் அந்த நேரத்தில் சனிவார் வாடா அரண்மனை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு பர்வதி மலை. பிறகு பேட்டைத் தெருவில் மிசள் பலகாரம். பிறகு கேம்ப்பில் அதே பேக்கரி. எல்லாம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், புனேயில்.

பொழுது சாய்கிற நேரத்தில் நீ காரிலிருந்து போன் செய்தாய். உன் அம்மாவும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரைப் போட்டேன். "அப்பா, ஒரே டிராபிக். அவங்க இருட்டுறதுக்குள்ள காட் ரோட்டுல இறங்கணுமாம். இன்னொரு தடவை வரட்டும்" என்றாய். சம்பந்தி பேசினார். "புனே ரொம்ப நல்லா இருக்கு சார், ஆனா பாம்பே வேகம் வராது" என்று சிரித்தார். அது அவர் உரிமை, மும்பைக்காரர் அப்படித்தான் பேசுவார். பிறகு போனை வைக்காமலே, பின்னால் தாய்மாமன் கேட்டது விழுந்தது: "ஏன் மாப்பிள, உங்க அப்பா இருக்கிற பக்கம் பார்க்க என்ன இருக்கு?" அதற்கு நீ சொன்ன பதில்: "அங்க என்ன மாமா, வெறும் பேக்டரியும் புகையும்தான். பார்க்க ஒண்ணும் கிடையாது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் அம்மா கையில் சுசியத் தட்டு இருந்தது. நான் போனை அணைத்தேன்.

ஞானராஜ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன், ஏனென்றால் அதே வார்த்தையை இத்தனை வருஷமாக அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். புனே ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் வண்டி பாலத்தைத் தாண்டி நம் பக்கத்துத் தாப்போடிக்குள் நுழையும்போது முன் வரிசையில் இருந்து அவர் குரல் வரும்: "யோவ் டிரைவர், கிராமம் வந்தாச்சு, ஹாரனை அடிக்காத, மாடு மிரளும்." நான் கண்ணாடியில் பார்த்துச் சொல்வேன்: "உங்க ஊர்ல மத்தியானம் கடையைச் சாத்திட்டுத் தூங்குறவங்களை எழுப்பக் கூடாதுன்னு அங்க அடிக்கல, துரை. இங்க எல்லாரும் முழிச்சிருக்காங்க." பஸ்ஸே இரண்டாகப் பிரிந்திருக்கும். முன்பக்கம் புனே, பின்பக்கம் பிம்ப்ரி-சிஞ்ச்வட். மராத்திக்காரர், கன்னடக்காரர், தமிழர் என்ற பிரிவெல்லாம் அதில் இல்லை, பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. ஒரு மழைக்காலத்தில் ஆறு ஏறிப் பாலத்தை மூடிவிட்டார்கள். வீட்டுக்குப் போக முடியாத முன்வரிசைக்காரர்கள் நம் வீட்டில்தான் வந்து உட்கார்ந்தார்கள். உன் அம்மா சோறு வடித்து ரசம் வைத்தாள். ஞானராஜ் "புனேயில இதைவிட நல்லா வைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அந்தச் சண்டை அப்படிப்பட்டது. அதில் சோறு உண்டு.

அந்த ஞானராஜ்தான் அன்று பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "யோவ், இதை நான் சொல்லலாம்யா. அவன் சொல்லக் கூடாது" என்றார். அவ்வளவுதான். ஒரு சுசியத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வராதவர்களுக்காக உடுத்திய வெள்ளைச் சட்டையோடு மெட்ரோ ஏறிப் போனார். நான் உனக்கு எழுதுவதெல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வரியின் விளக்கம்தான். பக்கத்து ஊர்க்காரன் நம் ஊரைக் கேலி செய்தால் அது விளையாட்டு. திருப்பிக் கொடுக்க ஆள் இருக்கிறான் என்று நம்பித்தான் அவன் பேசுகிறான். அந்த ஆளே எழுந்து 'ஆமாம், நீ சொல்வது சரி' என்று சிரித்தால் அதற்குப் பெயர் வேறு. மும்பைக்காரன் புனேயைப் பார்த்து 'பென்ஷன் வாங்குகிறவர்கள் ஊர்' என்கிறான். புனேக்காரன் நம்மைப் பார்த்து மாடு மிரளும் என்கிறான். நாமும் சும்மா இருக்கிறோமா, நமக்கும் அப்பால் இருக்கிற சாக்கன்காரனையும் ரஞ்சன்காவில் வேலைக்குப் போகிறவனையும் பார்த்து 'காட்டுக்குப் போகிறாயே, கட்டுச்சோறு எடுத்தாயா' என்று கேட்கிறோம். ஆனால் எந்தச் சாக்கன்காரனும் எனக்கு 'ஆமாம்' என்று பதில் சொன்னதில்லை. ஒருத்தன் என் வண்டிச் சக்கரத்தில் காற்றையே இறக்கிவிட்டான். அவனை எனக்குப் பிடித்திருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்காது. கம்பெனியில் குடும்ப விழா நடந்த ஒரு நாள் நீ என் பக்கத்தில், எஞ்சின் மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து வந்தாய். பள்ளிக்கூடமே சேராத வயது. முன்வரிசைக்காரர்கள் உன்னைச் சீண்டினார்கள். "ஏண்டா குட்டி, உங்க ஊர்ல என்னடா இருக்கு?" நீ எழுந்து நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்: "எங்க ஊர்லதான் வீட்டுக்குப் பின்னாடியே ரயில் வரும்! உங்க வீட்டுக்குப் பின்னாடி என்ன வரும்?" பின்வரிசை முழுக்க எழுந்து கைதட்டியது. ஞானராஜ் "தோத்துட்டோம்ப்பா" என்று கையைத் தூக்கினார். அதே கேள்வியைத்தான் தாய்மாமனும் கேட்டார். அரைக்கால் சட்டை போட்டிருந்தவனுக்குப் பதில் தெரிந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவனுக்குத் தெரியவில்லை. நான்தான் உன்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தேன், அங்கேதான் நீ மாறினாய், அதனால் தப்பு என்னுடையது என்று உன் அம்மா சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளியில் படித்த எத்தனையோ பிள்ளைகள் இன்றும் காசார்வாடி என்றால் காசார்வாடி என்றுதான் சொல்கிறார்கள். படிப்பின்மேல் பழியைப் போடாதே.

இன்னொன்று. நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எல்லோரிடமும் 'புனே' என்கிறாய். நீ இருக்கும் வாகட் எந்த மாநகராட்சி என்று உன் வீட்டுக்காரரைக் கேள். உன் தெருவைப் பெருக்குவது எங்கள் மாநகராட்சி. உன் குழாயில் வருவது எங்கள் பவனா ஆற்றுத் தண்ணீர். உன் மாடியில் நின்று 'அங்கே ஒன்றும் கிடையாது' என்று நீ கைகாட்டுகிற ஊருக்குள்தான் நீயே நிற்கிறாய். பாலம் தாண்டிப் போகவே இல்லையடா நீ. பத்தாவது மாடிக்கு ஏறியிருக்கிறாய், அவ்வளவுதான்.

பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோது நீ என்ன சொல்லியிருக்கலாம்? காலையில் பிம்ப்ரிக்குக் கூட்டிப்போய், சிந்திக்காரர் கடையில் தால் பக்வான் வாங்கிக் கொடுத்திருக்கலாம். மொறுமொறு என்று பொரித்த பக்வானை ஒடித்து, கடலைப்பருப்பில் தோய்த்து, வெங்காயத்தோடு ஒரு வாய் வைத்தால் பேட்டைத் தெரு மிசள் எங்கே நிற்கும்? பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தவர்கள் உட்கார்ந்து கட்டிய கடைவீதி அது, உழைப்பு என்றால் என்ன என்று மும்பைக்காரருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, பார்த்தவுடன் தெரிந்துகொள்வார். அங்கிருந்து சிஞ்ச்வட்டில் பவனா கரைப் பிள்ளையார் கோயில். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் படி ஏறி வந்து சன்னிதி வாசலைத் தொடும். எந்தச் சனிவார் வாடாவில் அப்படி ஒன்று நடக்கிறது? சுவரும் கதவும் தவிர அங்கே என்ன மிச்சம்? நிக்டியில் துர்கா குன்று இருக்கிறது. இந்த மாதத்தில் ஏறினால் பச்சை கண்ணைப் பறிக்கும், மேலேயிருந்து பார்த்தால் நீ புகை என்று சொன்ன ஊரில் எத்தனை மரம் என்று தெரியும். இறங்கி வந்தால் வானத்தை முட்டும் கொடிக்கம்பம். அப்படியே தேஹூ. இந்திராயணி ஆறு. ஆஷாட மாத யாத்திரைப் பல்லக்கு அங்கேதான் புறப்படுகிறது. புறப்பட்டு எங்கே வருகிறது? நேராக புனேக்கா பறக்கிறது? ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசார்வாடி என்று நம் வாசல் வழியாக நடந்து வருகிறது. நடக்கிறவர்களுக்கு உன் அம்மா ஒவ்வொரு வருஷமும் அண்டா நிறைய மோர் கரைத்து நிற்கிறாள். இந்த வருஷமும் நின்றாள். சாமி முதலில் நம் பக்கம் வந்துவிட்டுத்தான் பாலத்தைத் தாண்டுகிறது. சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் டிராபிக்.

பேக்டரியும் புகையும் என்றாய். அந்தப் பேக்டரிக்கு ஆள் ஏற்றித்தான் உன் பால் பவுடர் வந்தது என்று சொல்ல மாட்டேன். எல்லா அப்பனும் சொல்வது அது. நான் கேட்பது வேறு. அவ்வளவு கேவலமான இடம் என்றால், உன் பிளாட்டின் லிப்டும், நீ ஓட்டும் காரும், நீ ஏறும் மெட்ரோவும் எந்த ஊர்ப் பட்டறையில் கடைந்த திருகாணியால் நிற்கின்றன? காசார்வாடியில் நம் தெருவில் ஐந்தடிக்கு ஒரு பட்டறை. அதைக் காட்டுவதற்கு உனக்கு வெட்கம். ராஜா செத்துப்போன வீட்டைக் காட்டுவதற்குப் பெருமை.

அன்று நான் உன் அம்மாவிடம் சொன்னேன்: பெண் வீட்டார் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் ஆவணியில் நிச்சயத் தட்டை என் கையால் மாற்ற மாட்டேன். நீ அதற்கு என்ன பதில் அனுப்பினாய்? "அப்பா பிடிவாதம் பிடிச்சா பெரியப்பாவை வரவச்சு மாத்திக்கலாம்." உன் பெரியப்பா நல்லவர். அருப்புக்கோட்டையிலிருந்து கட்டாயம் வருவார். இதே குழுவில்தான் அவரும் இருக்கிறார், படிக்கட்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் தட்டை வாங்குவாரா என்று அவரே உனக்குச் சொல்லட்டும். உன் வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று தெளிவானது. உன்னிடம் பேசிப் பயனில்லை. பெண் வீட்டாரிடம் பேச வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை சிஞ்ச்வட்டில் ரயில் ஏறினேன். உன்னிடம் யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். தாதரில் மாறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன். சண்டை போடத்தான் போனேன், ஒளிக்க ஒன்றுமில்லை. "என் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்றால் உங்கள் ஊரில் என்னதான் இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்க வார்த்தையை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். சம்பந்தி வரதராஜன் கீழே வந்து கூட்டிப்போனார். மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஒரு நெடி. "பழகிடும் சம்பந்தி, இன்னைக்குக் காத்து இந்தப் பக்கம்" என்றார். காபி குடித்ததும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் கைநீட்டினார். வரிசையாகப் புகைபோக்கி. எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை, அதற்குப் பக்கத்தில் உர ஆலை. "அதோ, அந்த ரெண்டாவது கூம்பு தெரியுதே, அதுக்குக் கீழதான் நான் வேலை பார்த்தது. நித்யா பிறந்தப்ப நான் அங்க ஷிப்ட்ல இருந்தேன்" என்று கோயில் கோபுரத்தைக் காட்டுவதுபோல் காட்டினார். இவரிடமா நீ பேக்டரியும் புகையும் என்று சொன்னாய்? சொல்லும்போது அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார், செந்தில். நீ என் ஊரை மட்டும் மட்டம் தட்டவில்லை.

தாய்மாமனும் வந்து சேர்ந்தார். நான் தயார் செய்த வார்த்தையை அவரிடம்தான் எடுத்தேன். அந்த மனிதர் பதறிப்போனார். "ஐயோ சார், நான் கேலியா கேட்கல. உங்க வீட்டுக்கு முன்னாடி ஏதாவது பார்த்துட்டுப் போலாம்னுதான் கேட்டேன். மாப்பிள்ளதான் ஒண்ணும் இல்லன்னுட்டார். அக்கா உங்க வீட்டம்மாவுக்குன்னு வாங்கின புடவை கார்லயே திரும்பி வந்துருச்சு" என்றார். நான் என்ன செய்வேன்? எதிராளி என்று நினைத்துப் போன இடத்தில் எதிராளியே இல்லை.

ஆனாலும் சண்டை நடந்தது, நல்ல சண்டை. சம்பந்தி ஆரம்பித்தார்: "இருந்தாலும் சம்பந்தி, எங்க ஊர்ல கடல் இருக்கு. உங்ககிட்ட ஆறுதான்." "கடலை மொண்டு குடிக்க முடியுமா? எங்க ஆறு குழாய்ல வருது" என்றேன். "உங்க ஊருக்கு ஒரு பேர்கூட முடிவாகலியே. பிம்ப்ரியா, சிஞ்ச்வட்டா?" "உங்க ஊரையும் நீங்க காலைல மும்பைங்கிறீங்க, சாயங்காலம் பாம்பேங்கிறீங்க. நாங்க ரெண்டையும் சேர்த்தாவது சொல்றோம்." சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் ஊரைப் பிரிச்சுக்குங்க" என்று குரல் கொடுத்தார்கள். பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

சாப்பிடும்போது நித்யா ஒன்று கேட்டாள். "மாமா, உங்க வீட்டுக்குப் பின்னாடி ரயில் போகுமாமே? தட்டெல்லாம் ஆடுமாமே? செந்தில் சொன்னார். சின்ன வயசுல ரயில் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருமாம்." உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா, பிள்ளை மனசுல வச்சிருக்கான்" என்றாள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் இரட்டித்தது. தெரியாமல் சொன்னாய் என்றால் முட்டாள் என்று விட்டுவிடுவேன். நீ தெரிந்தவன். அந்த வீடு உனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை ஒருத்தியிடம் ரகசியமாகச் சொல்கிறாய். நாலு பேர் கேட்கும்போது சிரிக்கிறாய்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். அப்பன் என்ற முறையில் நான் சொல்வதற்கு ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது, அது இந்த இடத்தில்தான் வருகிறது. ஊரை நடத்தியதுபோல் அந்தப் பெண்ணை நடத்தாதே. கதவைச் சாத்திக்கொண்டு மனைவியைக் கொண்டாடிவிட்டு, கூடத்தில் நண்பர்கள் முன்னால் 'இவளுக்கு என்ன தெரியும்' என்று சிரிக்கிற ஆண்களை நான் பஸ்ஸில் முப்பது வருஷம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கோழைகள். யாராவது ஒருத்தர் நித்யாவின் சமையலையோ, நிறத்தையோ, செம்பூர் நெடியையோ பற்றி ஒரு கேள்வி கேட்பார். உன் நண்பன் கேட்பான், உன் மேலதிகாரி கேட்பான், ஒருவேளை நம் சொந்தக்காரரே கேட்பார். அந்த நொடியில் நீ என்ன பதில் சொல்கிறாய் என்பதுதான் உன் கல்யாணம். உள்ளே போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதே. சபையில் விட்டதை அறைக்குள் எடுக்க முடியாது. இதை நித்யாவிடமும் சொல்லிவிட்டேன். "அவன் சபையில சிரிச்சா நீ எனக்குப் போன் பண்ணு" என்றேன். அவள், "நான் எதுக்கு மாமா உங்களுக்குப் பண்ணணும், அங்கயே கேட்டுருவேன்" என்றாள். இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற பெண்.

முடிவைச் சொல்கிறேன். ஆடி பிறப்பதற்குள் அவர்கள் வருகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, காரில் இல்லை, ரயிலில். நித்யாவும் சேர்த்து நாலு பேர். சிஞ்ச்வட்டில் இறக்கி, முதலில் பிம்ப்ரியில் தால் பக்வான், பிறகு பிள்ளையார், பிறகு துர்கா குன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. உன் வாகட் வழியில் இல்லை. ஞானராஜிடமும் சொல்லிவிட்டேன். "மும்பைக்காரங்க வர்றாங்கன்னா புனே சார்பா ஒருத்தன் வேணும்யா, இல்லன்னா நீ பொய்யா அளந்து விடுவ" என்றார். வீட்டைப் பார்த்துவிட்டு அவர்களுக்குச் சம்மதம் என்றால் ஆவணியில் தட்டை நான்தான் மாற்றுவேன். பெரியப்பா விருந்தாளியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

உன்னை நான் அழைக்கவில்லை. உன் அம்மா அழைப்பாள், அதை நான் தடுக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வராதே, எனக்கு அது வேண்டாம், 'சரிப்பா' மாதிரி அதுவும் ஒரு வார்த்தைதான். வருவதாக இருந்தால் காலையிலேயே வா. இத்தனை பேர் உட்கார நம்மிடம் நாற்காலி கிடையாது, தெருவில் நாலைந்து வீட்டில் இரவல் வாங்க வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது, நீதான் போக வேண்டும். அங்கே இப்போது இருப்பவர்கள் பாதிப் பேர் புதுக் குடித்தனம், உன்னைத் தெரியாது. கதவைத் தட்டினால் யார் என்று கேட்பார்கள். வாகட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் நாற்காலி தர மாட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக் கேள். தெருவே கேட்கும்படி சொல்.

உன் அப்பா
காசார்வாடி